பேத்திய பாக்க வந்தவங்களும் டூரிஸ்ட்டுதான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பள்ளிக்கூட லீவு வந்தா போதும், எந்தப் பேப்பரத் தொறந்தாலும் கேமரன் மலை, லங்காவி, பினாங்குனு ஒரு பக்கம் வந்துடுது. நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா நம்ம ஜனங்க நெசமாவே பையத் தூக்கிட்டு எங்க போறாங்கனு ரயில்வே ஸ்டேஷன்ல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. மகளுக்குப் பிள்ளை பொறந்திருக்கு, மருமகளுக்கு ஆள் உதவி வேணும்னு நல்லெண்ணெய் போத்தல், பூண்டு, இடிச்ச காயம் எல்லாத்தையும் துணிப்பையில கட்டிக்கிட்டுக் கெளம்புற தாத்தா பாட்டிங்கதான் பாதிப் பேரு. போன ஊர்ல நாள்கணக்கா தங்குறோம், பாசார்ல காசு செலவு பண்றோம், ஆனா அந்த ஊர்ல என்ன இருக்குனு எங்களுக்கு யாரும் சொல்றதில்ல.

நானும் வீட்டுக்காரியும் சிலாங்கூர் கிள்ளான்ல இருந்து பேராக்ல இருக்கிற சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கோம். மகளுக்குத் தலைச்சன் பொம்பளப் புள்ள. முறைப்படி அவதான் தாய் வீட்டுக்கு வந்திருக்கணும், ஆனா சிசேரியன், மாப்பிள்ளைக்கும் வேலை இங்கதான், பச்ச ஒடம்பா இருக்கிறவள எதுக்கு அவ்வளவு தூரம் காடியில குலுக்கணும்னு நாங்களே வந்துட்டோம். பொறப்பு பதிய 60 நாள் டைம் இருக்கு, இருந்தாலும் சட்டுனு முடிச்சுடுங்கனு மாப்பிள்ளைய நச்சரிச்சு அனுப்பி வச்சேன். ஐசி (அடையாள கார்டு) நம்பர் நடுவுல பொறந்த மாநிலத்து எண் வரும், எங்க பக்கத்துல எல்லாருக்கும் 10, சின்னவளுக்கு 08, பொறந்ததும் பேராக்காரி ஆயிட்டா.

பத்திய வீட்ல ஆம்பளைக்கு என்ன வேலை இருக்கு. விரால் மீன் வாங்கிட்டு வா, முருங்கைக்கீரை வாங்கிட்டு வானு அனுப்புவாங்க, வந்ததும் குறுக்க நிக்காதனு வெரட்டுவாங்க. சரி ஊரையாவது சுத்திப் பாப்போம்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டா, "இங்க பாக்க ஒண்ணும் இல்ல மாமா, லீவு நாள்ல ஈப்போ மாலுக்குக் கூட்டிட்டுப் போறேன்"ங்கிறாரு. தங்கமான புள்ள, இந்த ஊர்லயே பொறந்து வளந்தவரு, அவரே இப்படிச் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

சுங்கை சிப்புட்ல ஒண்ணும் இல்லயா? 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊர்ப் பக்கம் ரெண்டு தோட்டத்துல மூணு வெள்ளக்கார தொரைங்கள கம்யூனிஸ்ட்டுங்க சுட்டாங்க, அதுல இருந்துதான் நாடு முழுக்க அவசரகாலம் வந்துச்சு, 1960 வரைக்கும் போச்சு. முள்வேலி, ஊரடங்கு, ரேஷன் அரிசினு எங்கப்பா கத கதயா சொல்லுவாரு. அவரு சொன்னது சிலாங்கூர்ல நடந்த கததான், ஆனா ஆரம்பம் இந்த மண்ணுல. ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவரா, மந்திரியா இருந்த துன் சம்பந்தன் பொறந்ததும் இதே ஊர்ல, 1919ல. 1954ல நேருவோட தங்கச்சி விஜயலட்சுமி பண்டிட் அம்மா வந்து தொறந்து வச்ச மகாத்மா காந்தி கலாசாலை இங்கதான் இருக்கு, நான் காலையில நடக்கிறப்ப வெளிய நின்னு பாத்துட்டுப் போவேன், புள்ளைங்க பைய மாட்டிக்கிட்டு ஓடுறத பாத்தா மனசுக்கு நல்லா இருக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் தோட்டங்கள துண்டு போட்டு வித்தப்ப, தொழிலாளிகிட்ட பத்துப் பத்து வெள்ளியா சேத்து நாமளே தோட்டம் வாங்குவோம்னு 1960ல தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சது சம்பந்தன்தான். எங்கப்பாவும் பால்வெட்டுக் காசுல கட்டுனவரு. மாப்பிள்ளைக்கு இதுல பாதி தெரியல, மகளுக்குச் சுத்தமா தெரியல.

கோலகங்சார் இங்கருந்து கிட்டதான். அங்க ஒரு ரப்பர் மரம் இருக்கு, 1877ல கொண்டாந்து நட்டதுல மிஞ்சி நிக்கிறது. பிரேசில் வெதைய லண்டன்ல மொளைக்க வச்சு, கன்னுங்கள சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கருந்து கொஞ்சம் பேராக்ல ரெசிடெண்டா (பிரிட்டிஷ் அதிகாரியா) இருந்த ஹியூ லோ கைக்கு வந்துச்சு, அவரு தன் வீட்டுத் தோட்டத்துல நட்டாரு. நானும் சின்ன வயசுல எங்கம்மா கூட வெட்டுக்குப் போனவன். ஒரு மரத்துல இருபத்தஞ்சு முப்பது வருஷம் பால் எடுத்துட்டா சாய்ச்சுட்டு மறுநடவு போட்டுடுவாங்க, அதனால கெழட்டு ரப்பர் மரம்னு ஒண்ண எங்க கண்ணால பாத்ததே இல்ல. 150 வருஷத்த நெருங்குற மரத்துக்கு முன்னாடி நின்னா என்னமோ பண்ணுது சார், கும்புடுறதா திட்டுறதானு தெரியல. இந்த ஒண்ணுக்காகத்தான கப்பல் ஏத்துனாங்க நம்மள.

அதுக்கப்புறம் காராய்ல விக்டோரியா பாலம், பேராக் ஆத்துக்குக் குறுக்க 1900ல ரயிலுக்காகக் கட்டுனது, இப்ப ரயிலுக்குப் பக்கத்துலயே வேற பாலம், பழசு சும்மா நிக்குது. காலையில பனியில போய்ப் பாருங்க. கோலகங்சார் உபுடியா பள்ளிவாசல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தங்கக் கலசம், போட்டோ எடுக்க கூட்டம் இருக்கும்.

ஆனா எனக்கு இடத்தவிட ஆளுங்கதான் பெருசு. பாசார்ல கீரை விக்கிற ஒரு வயசான அம்மா, எழுபத்தஞ்சு இருக்கும், தோட்டத்துல ஆயாக் கொட்டகையில, அதான் வேலைக்குப் போறவங்க கொழந்தைங்கள பாத்துக்கிற எடத்துல, வேலை பாத்தவங்களாம். பேத்தினு சொன்னதும் கீரைக்குக் காசு வாங்கல, பேச ஆரம்பிச்சுட்டாங்க. வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்னு இருட்டுலயே பெரட்டுக்கு (பேர் கூப்புடுறதுக்கு) போகணும், பிள்ளை பெத்தவளும் ஒடம்பு தேறுறதுக்குள்ள கொழந்தைய கொட்டகையில போட்டுட்டு ஓடுவா, கோப்பப் பால எடுத்து ஸ்டோர்ல ஊத்துனப்புறம்தான் தாய்ப்பால் குடுக்க வருவானு சொன்னாங்க. எந்தத் தோட்டம் எந்தப் பக்கம் இருந்துச்சு, எந்தக் கோயில எங்க மாத்துனாங்கனு விரல் விட்டுச் சொல்றாங்க. இப்ப அங்கெல்லாம் செம்பனை. அவங்களுக்கு அப்புறம் இத யாருகிட்ட கேக்குறது?

இன்னொண்ணும் சொல்லணும். தாத்தாமாருங்க நாங்க இப்படிச் சுத்துறோம், பாட்டிங்க வந்த ஊர்ல அடுப்படியையும் துணி காயப்போடுற கொடியையும் தவிர என்னத்தப் பாக்குறாங்க? என் வீட்டுக்காரிய வெளிய கூட்டிட்டுப் போறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. தேன் தொட்டு வைக்கக் கூடாது, ஒரு வயசு வரைக்கும் ஆகாதுனு மிஸ்ஸி (நர்ஸ்) வந்து சொல்லிட்டுப் போனதுல இருந்து, தான் இல்லாத நேரத்துல யாராவது தொட்டு வச்சிடுவாங்களோனு இவளுக்குப் பயம் (வைக்கிறதா இருந்தா இவளேதான் வைப்பா, அது வேற). கடைசியில சம்பந்தியம்மாவே வந்து, "நான் பாத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க"னு தள்ளி விட்டாங்க. சாயோங் பக்கம் போயி கருப்பு மண் கூஜா, லாபு சாயோங் வாங்குனா, தண்ணி தானா ஜில்லுனு இருக்கும்னு ஆசையா தூக்கிட்டு வந்து, பிள்ளை பெத்தவளுக்குக் குளிர்ச்சி ஆகாதுனு அவளே மூலையில வச்சிட்டா. ஆனா அன்னிக்கு ராத்திரி ஆத்தப் பத்தியும் படகப் பத்தியும் பேசிக்கிட்டே இருந்தா. பிள்ளைங்க இத கவனிக்கணும், அம்மாவ வேலைக்கு மட்டும் கூப்புடாதீங்க, ஒரு நாளாவது வெளிய கூட்டிட்டுப் போங்க.

ஐயா, நான் கேக்குறது பெரிய காரியம் இல்ல. வாரத்துல ஒரு நாள், கால் பக்கம் போதும். பகாவ், கூலிம், குளுவாங், தாப்பானு ஒவ்வொரு தோட்டத்து ஊரப் பத்தியும் அந்தந்த ஊர் வாசகர்களே எழுதட்டும். காலாற நடக்க எந்த ரோடு நல்லது, பழைய கோயில் எங்க, தோட்டத்துக் கத சொல்ல எந்தக் கோப்பிக்கடையில யாரு உக்காந்திருப்பாங்க, பத்தியத்துக்கு நல்ல மீன் எந்தக் கடையில கெடைக்கும், இவ்வளவுதான். அதே பக்கத்த வெட்டி கோயில் போர்டுல ஒட்டுனா இன்னும் நல்லது.

சுங்கை சிப்புட்டுக்கு நான் எழுதித் தர்றேன். லாசா ரோட்டுப் பக்கம் மட்டும் இன்னும் பாக்கல, சம்பந்தி ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு, போயிட்டு வந்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு புதுத் தாத்தா,
கிள்ளான் (இப்போதைக்கு சுங்கை சிப்புட்)