விசில் ஊதுகிறவர்களைப் பற்றி

அன்புள்ள செல்வம்,

நலமா? உன் தங்கை மகன் நடுவர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பெரிய கால்பந்து ஆட்டங்களின் நடுவர்களை எப்படித் தயார் செய்கிறார்கள் என்று அவன் கேட்டானாமே. விரிவாகவே எழுதுகிறேன், அவனுக்கும் படிக்கக் கொடு.

முதலில் உடம்பு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் பட்டியலில் உள்ள ஆண் நடுவர் 40 மீட்டரை ஆறு முறை ஓட வேண்டும். ஒவ்வொன்றும் 6 நொடிக்குள், இடையில் ஒரு நிமிட ஓய்வு. ஒன்று தவறினால் ஏழாவதாக ஒரு வாய்ப்பு உண்டு. இரண்டு தவறினால் தேர்ச்சி இல்லை. சில நிமிடம் கழித்து அடுத்த சோதனை: 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 18 நொடியில் நடக்க வேண்டும். இப்படி 40 முறை, மொத்தம் 4 கிலோமீட்டர். ஆரம்பச் சுற்றுகளில் 12, 13 நொடியிலேயே ஓடி முடித்துவிட்டு விசிலுக்காகக் காத்து நிற்பவன் கடைசியில் திணறிப்போவான். மிச்சம் பிடித்த நொடிகளுக்கு மதிப்பெண் கிடையாது. 15 நொடியையும் முழுசாக எடுத்துக்கொண்டு சீராக ஓடச் சொல்.

இத்தனை பாடும் எதற்கு? ஒரு ஆட்டத்தில் நடுவர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். களைத்தவர் பந்துக்குப் பின்னால் தங்கிவிடுவார். மோதலைப் பக்கவாட்டிலிருந்து பார்க்காமல் வீரரின் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். தவறான பெனால்டிகள் பலவும் அந்தக் கோணத்தில்தான் பிறக்கின்றன.

ஆட்ட நாளில் சீக்கிரமே வந்து புல்தரை, வலை, பந்து கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் கோல் கோட்டுத் தொழில்நுட்பம், காதுக் கருவி எல்லாவற்றையும் சோதிப்பார்கள். காதுக் கருவியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது. அதனால் யார், எப்போது, எந்தச் சொல்லால் பேசுவது என்று முன்கூட்டியே பேசி வைப்பார்கள். திரையில் ஆட்டத்தைப் பார்த்து உதவும் வீடியோ நடுவருக்கு மைதானப் பேச்சு முழுவதும் கேட்கும். ஆனால் அவர் பேச வேண்டுமானால் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் தலையிடுவது முக்கியமாக கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுவது ஆகிய நான்கில்தான். கால் எங்கே பட்டது என்று பார்க்க வீடியோவை மெதுவாக ஓட்டினால் போதும். எவ்வளவு வேகமாகப் பட்டது என்பதற்குச் சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் சாதாரண உரசலும் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்.

பிறகு மதிப்பீடு. ஐரோப்பியப் போட்டிகளில் நடுவரை மதிப்பிட வரும் அதிகாரி பத்துக்குப் புள்ளி போடுவார். எதிர்பார்க்கும் தரம் 8.3 அல்லது 8.4. ஆட்டம் முழுக்க நன்றாக நடத்தியிருந்தாலும் முக்கியமான ஒரு தெளிவான தவறு செய்தால் 7.9தான். கடுமையான முறை என்றாலும் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

நியாயமே இல்லாதது வெளியே நடப்பது. 2023 மே 31 அன்று புடாபெஸ்டில் செவில்லா–ரோமா யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் போட்டி) இறுதியாட்டத்தை நடத்திய ஆண்டனி டெய்லரை, குடும்பத்தோடு இருந்தபோது, விமான நிலையத்திலேயே ரசிகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதே டிசம்பரில் துருக்கியில், ஆட்டம் முடிந்ததும் ஒரு கிளப்பின் தலைவரே மைதானத்துக்குள் ஓடிவந்து நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை மற்றவர்கள் உதைத்தார்கள். லீக் ஆட்டங்களையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. நடுவரின் உடம்பையும் கண்ணையும் இவ்வளவு துல்லியமாகப் பழக்குகிறவர்கள், அந்த மனிதர் பத்திரமாக வீடு சேர்வதற்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். அது இன்னும் போதாது.

ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 யூரோ போட்டியில் கொண்டுவந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. தீர்ப்பைப் பற்றி நடுவரிடம் கேட்க கேப்டன் மட்டுமே வரலாம். மற்றவர்கள் சூழ்ந்தால் மஞ்சள் அட்டை. கேப்டன் கோல்கீப்பராக இருந்தால் வேறொரு வீரரை முன்பே குறித்துக்கொள்வார்கள். மருமகன் ஊதும் போட்டியிலும் இந்த விதி இருந்தால், டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களிடமும் தெளிவாகச் சொல்லிவிடட்டும். முதல் கூட்டம் கூடிய பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது.

அன்புடன்,
ராமு