கழுவிய கை

யீஷூன், சிங்கப்பூர்,
ஞாயிறு, மதியம், மழை

அன்புள்ள தேவி,

உன் பிறந்தநாளுக்கு வாழ்த்தவில்லை, பேரன் படத்துக்குப் பதில் போடவில்லை, பொங்கலுக்கும் கூப்பிடவில்லை. தெரியும். "கமலாவுக்குத் தலைக்கனம்" என்று சாந்தியிடம் சொன்னாயாமே. அவள் வழக்கம்போல மறுநாளே என்னிடம் ஒப்பித்துவிட்டாள். தலைக்கனம் இல்லையடி, தலைவலி. பெரியண்ணன் சாகக் கிடந்து எழுந்து வந்திருக்கிறார்.

பித்தக் குழாயில் கல். வாய் வழியாக ஸ்கோப், அந்த நீளமான வளைகிற குழாயை, விட்டு எடுத்தார்கள். நான் 11 வருடம் கழுவிக் கழுவிக் கை வெளுத்தேனே, அதே ரக ஸ்கோப். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதே, நான் வேலை பார்த்த இடம் இல்லை. மறுநாள் வீட்டுக்கு வந்து இடியாப்பம் சாப்பிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம். ரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி. அதுவும் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துக்கே அடங்காத ரகம். 23 நாள் தனி அறை. உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் மஞ்சள் அங்கி, கையுறை. அண்ணி அந்தக் கையுறையோடு விபூதி பூசப் போய் நர்சிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். 9 கிலோ இறங்கிவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை.

குமரனைத்தான் பிடித்து நிறுத்த முடியவில்லை. "கேஸ் போடணும் அத்தை" என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ராத்திரியெல்லாம் அமெரிக்க வழக்குகளைப் படிக்கிறான். படித்ததெல்லாம் உண்மைதான், எனக்கும் கொஞ்சம் தெரியும். 2015இல் லாஸ் ஏஞ்சலிசில் யுசிஎல்ஏ மருத்துவமனை 179 பேருக்கு "உங்களுக்கும் தொற்றியிருக்கலாம், சோதனைக்கு வாருங்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒலிம்பஸ் கம்பெனி ஸ்கோப். அப்போது நான் இன்னும் வேலையில்தான் இருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் அந்தச் செய்தியை அச்சடித்து சிங்க் மேலே ஒட்டினார். சியாட்டலில் கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண் வழக்குப் போட்டார். 2017இல் தீர்ப்பு வந்தது. ஆபத்தைச் சரியாக எச்சரிக்காததற்காகக் கம்பெனி அந்த மருத்துவமனைக்கு 66 லட்சம் டாலர், மருத்துவமனை அந்தப் பெண்ணுக்கு 10 லட்சம் டாலர். கணக்கைப் பார்த்தாயா? புருஷனை இழந்தவளுக்கு 10, கழுவிய இடத்துக்கு 66. மறு வருடமே, தொற்றுச் சம்பவங்களை அரசுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்ற குற்றத்தைக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 8 கோடி டாலர் அபராதம்.

"பாருங்கள், ஸ்கோப்பில்தான் கோளாறு" என்கிறான் குமரன். இருக்கலாம். அந்த ஸ்கோப்பின் நுனியை நீ பார்த்ததில்லை. நகத்தளவு ஒரு நெம்பி இருக்கும், எலிவேட்டர் என்போம். உள்ளே விடுகிற கம்பியை நிமிர்த்திக் கொடுப்பது அதன் வேலை. அதன் முதுகுப் பக்கம் ஒரு சந்து. பித்தம், சளி, ரத்தம் எல்லாம் போய் ஒளிந்துகொள்வது அங்கேதான். எலிவேட்டரைத் தூக்கி வைத்துக் குட்டி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், இறக்கி வைத்து மறுபடி தேய்க்க வேண்டும். காயவிட்டால் போச்சு, அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி படலம் கட்டிவிடும். அப்புறம் மெஷினில் எத்தனை லிட்டர் மருந்து ஓடினாலும் படலத்துக்கு அடியில் இருப்பது சாகாது. சொன்னபடி கழுவியும் போகவில்லை என்பதுதான் கொடுமை. 2019இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளியிட்ட கணக்கில், முறையாக எடுத்த மாதிரிகளிலேயே 5.4 விழுக்காடு வரை ஆபத்தான கிருமி. அதனால்தான் நுனியைக் கழற்றி எறிகிற ரகத்துக்கு மாறுங்கள் என்றார்கள்.

சரி, லாயரிடம் போனோம். சைனாடவுனில், நம்மூர்ப் பெண்தான், மூக்குத்தி போட்டிருந்தாள், உன் மருமகளைவிடச் சின்னவள். குமரன் அரை மணி நேரம் பொரிந்து தள்ளினான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்பா போன ஒரு வருடத்தில் வெளிநாட்டில் எங்கேயாவது ஆஸ்பத்திரியில் படுத்தாரா?"

படுத்தார். சென்னையில், டெங்கு, 4 நாள். கல்யாணத்துக்குப் போன இடத்தில்.

"அங்கிருந்தே குடலில் கொண்டு வந்திருப்பார் என்பார்கள்" என்றாள். குமரன் வாய் அடைத்துப்போனது. இங்கே சேர்த்த அன்று ஸ்வாப் எடுத்தார்களா, அதில் கிருமி இல்லை என்று வந்ததா, அது நமக்குத் தங்கம் என்றாள். ஒரு நர்ஸ் பஞ்சுக்குச்சியோடு வந்தது அண்ணிக்கு ஞாபகம் இருக்கிறது. மூக்கிலா பின்பக்கமா என்று கேட்டால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எந்தக் கிருமி என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் கழுவுகிற அந்தத் தண்ணீர் ஞாபகமிருக்கிறதா? 2006இல் பாஷ் அண்ட் லாம் பாட்டிலை நீ அலறியடித்துக் குப்பையில் போட்டாயே! இங்கே மட்டும் 66 பேர் கண்ணில் ஃபியூசேரியம் பூஞ்சை. அமெரிக்காவில் அந்தப் பூஞ்சை வந்தவர்களின் 600 வழக்குகளைச் சுமார் 25 கோடி டாலர் கொடுத்து முடித்தார்கள். அதே தண்ணீரை விட்டு வேறு கிருமி வந்தவர்களின் வழக்குகள் கோர்ட்டில் எடுபடவில்லை.

அமெரிக்காவில் ஜெயித்தால் வக்கீலுக்குப் பங்கு, தோற்றால் காசு இல்லை. இங்கே அந்தப் பேச்சே கிடையாது. தோற்றால் எதிராளியின் செலவும் நம் தலையில். விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம் கெடு. எந்த ஸ்கோப், அதன் வரிசை எண் என்ன, அண்ணனுக்கு முன்னால் யாருக்குள் போனது, அவருக்கும் இதே கிருமியா, யார் கழுவினார்கள், எத்தனை மணிக்கு. எல்லாம் அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் இருக்கும் என்றாள். "அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்."

குமரன் என்னைப் பெருமையாகக் காட்டினான். "எங்க அத்தை இதைத்தான் செஞ்சாங்க."

தேவி, இதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், மூன்று பக்கம் சுற்றிவிட்டேன். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், சாயங்காலம். சிங்க்கில் 5 ஸ்கோப் கிடக்கிறது, மெஷின் அலாரம் அடிக்கிறது, தேக்காவில் வாழையிலை தீர்ந்துவிடும் என்று அம்மா போன் மேல் போன். எலிவேட்டரைப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தேன். இறக்கித் தேய்க்கவில்லை. பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு அழகான கையெழுத்து தெரியுமா, ரோசி டீச்சர் பார்த்திருந்தால் நட்சத்திரம் கொடுத்திருப்பார்.

ஒரு தடவைதானா என்று கேட்காதே.

அது அடுத்து யாருக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்திருந்தாலும் கழுவுகிறவளிடம் யார் வந்து சொல்வார்கள்?

இப்போது அந்த ஆஸ்பத்திரியின் பதிவேடு கைக்கு வந்தால் அதிலும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது? "இது நம்பக்கூடியதில்லை" என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். குமரனிடம் முதலில் சொல்லிவிடலாமா? லாயர் பெண்ணிடம் மட்டுமா? வேறு ஆளைப் பாருங்கள் என்று ஒதுங்கிவிடலாமா? நீதான் எதையும் போட்டு உடைக்கிறவள், சொல்.

நேற்று அண்ணனுக்குக் கஞ்சி கொண்டு போனேன். குடித்துவிட்டு, "கழுவினது நீயா இருந்தா எனக்கு இது வந்திருக்காதும்மா" என்றார். டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

சாந்திக்கு மூச்சு விடாதே. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெயை விடாமல் தடவு. மாசி கருவாடு அனுப்பச் சொன்னாய், உங்கள் ஊர் சுங்கத்தில் விடமாட்டார்கள், ஆசையை விடு.

பதிலைக் காகிதத்தில் எழுதிப் போடு. வாட்ஸ்அப்பில் வேண்டாம். வழக்கு விஷயமாக என் போன் இப்போதெல்லாம் குமரன் கையில்தான் இருக்கிறது.

உன்,
கமலா