குதிரைவெட்டிக் கோரை

எய்யா செல்வம்,

நீ மாஞ்சோலை மலையில் குதிரைவெட்டியில் எடுத்து அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். 'இது என்ன புல்லும்மா?' என்று கேட்டிருக்கிறாய். புல் இல்லை, கோரை. மேலே இருந்து பார்க்கும்போதே இலை மூன்று வரிசையாகப் பிரிகிறது பார், புல்லுக்கு இரண்டு வரிசைதான். ஆனால் பேர் சொல்ல இந்தப் போட்டோ போதாது, இலையையும் உன் செருப்பையும் வைத்து நான் என்னத்தைச் சொல்ல?

அடுத்த தடவை போனால் குனிந்து உட்கார்ந்து பார். தண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டு, மூன்று பட்டையும் தட்டும், கணு இருக்காது. பத்தமடையில் பாய்க்குக் கிழிக்கிற கோரையும் இதே குடும்பம்தான், அது சைப்பரஸ் என்கிற பேரினம். மலையில் ஈரமும் நிழலுமான இடத்தில் நிற்பது அதே குடும்பத்தில் கேரெக்ஸ் என்கிற இன்னொரு பேரினமாக இருக்கலாம். அதை உறுதி பண்ண கதிரைத்தான் பார்க்க வேண்டும். கேரெக்ஸில் ஒவ்வொரு காயும் தனித்தனியாக ஒரு சின்னப் பைக்குள் இருக்கும், சைப்பரஸில் அந்தப் பை கிடையாது. பையின் வாய் வழியாக நூல் மாதிரி சூலகமுடி, அதாவது மகரந்தத்தைப் பிடிக்கிற நுனி, நீட்டிக்கொண்டிருக்கும். அது இரண்டா மூன்றா என்று எண்ணு. இரண்டென்றால் உள்ளே காய் தட்டையாக இருக்கும், மூன்றென்றால் முப்பட்டை. அப்புறம் பையின் மூக்கு நீளமா குட்டையா, மேலே ரோமம் உண்டா, நரம்பு ஓடுகிறதா, ஆண் பூ கதிரின் நுனியிலா அடியிலா, தூரில் இலையுறை என்ன நிறம், இதெல்லாம் வேண்டும். உலகத்தில் கேரெக்ஸ் மட்டும் சுமார் 2000 வகை, இலையைப் பார்த்துப் பேர் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. கேரெக்ஸ் பக்கான்ஸ் மாதிரி ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு, காய் முற்றினால் செக்கச்செவேலென்று தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பூ விடும்போது போனால் பிரயோஜனமில்லை, ரொம்ப முற்றிவிட்டாலும் தொட்டதும் உதிர்ந்துவிடும். காய் திரண்டு கதிரிலேயே நிற்கிற பருவம்தான் சரி.

பிடுங்கிவிடாதே. அது புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலைகூட எடுக்கக் கூடாது. பக்கத்தில் ஸ்கேலை வைத்து கதிர், ஒற்றைக் காய், தூர் மூன்றையும் கிட்டத்தில் எடு. பாளையங்கோட்டை சேவியர் கல்லூரி ஹெர்பேரியத்தில் உலர்த்தி வைத்திருக்கிற மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் பத்து மடங்கு லென்ஸைக் கூரியரில் போட்டிருக்கிறேன், கூடவே கொஞ்சம் எள்ளுப்பொடியும் வைத்திருக்கிறேன்.

அம்மா