வாசலில் இருவரை நிறுத்துங்கள்: எமது பங்குத்தந்தைக்கும் மேய்ப்புப்பணிச் சபைக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்கு மேய்ப்புப்பணிச் சபையின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கடந்த ஞாயிறு எட்டரை மணித் திருப்பலியில் நற்கருணை அப்பம் பெறும் வரிசையில் நடந்ததைத் தாங்கள் அனைவரும் கண்டீர்கள். பூசை முடிந்த பின் முற்றத்தில் நின்று அதைப் பற்றிப் பேசவும் செய்தீர்கள். பேசியதெல்லாம் நற்கருணைக்கு நேர இருந்த அவசங்கையை, அவமதிப்பைப் பற்றியே. கையைப் பிடித்து விலக்கப்பட்ட அந்தத் தாயைப் பற்றி எவரும் பேசாததால் இதை எழுதுகிறேன்.

அவர் மண்டூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். மகன் போதனா வைத்தியசாலையில் இருக்கிறான். விடியுமுன் புறப்பட்டு, பாதை எனும் மிதவையில் வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்து வந்தவருக்கு, வாட்டுக்குள் பார்வையாளரை விடும்வரை இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய்தான், கோயிலுக்குப் போய் மாதாவிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வாயிலில் அவருடைய பையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு சோற்றுப் பெட்டியும் பிள்ளைக்கு ஒரு துவாயும் இருந்தன. பார்த்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பையை நீட்டினார். அந்தத் தாய் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் உள்ளே வந்து, எனக்கு முன்வாங்கில் அமர்ந்தார். மற்றப் பெண்கள் முக்காடிட்டிருப்பதைக் கண்டு சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டார். நாங்கள் முழந்தாளிட்டபோது முழந்தாளிட்டார், எழுந்தபோது எழுந்தார். வாங்கிலிருந்த அனைவரும் வரிசையில் புறப்பட்டபோது அவரும் புறப்பட்டார். பீடத்துக்கு நான்கைந்து அடி இருக்கையில் நெற்றியில் திருநீற்றைக் கண்ட தொண்டர் ஒருவர் அவருடைய முழங்கையைப் பிடித்து, கோயில் முழுவதும் கேட்கும்படி, "நீங்க எடுக்கேலாது, அங்கால போங்க" என்று விலக்கினார்.

நான் தேடிப் போனபோது அவர் மதிலோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் போறாங்களெண்டு நானும் போனன் அம்மா. பிழையெண்டா முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த 'முதலே' என்ற சொல்லுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நற்கருணையை எவருக்கும் கொடுத்துவிடலாம் என்று நான் கேட்கவில்லை. அது ஆண்டவரின் திருவுடல் என்று நம்பித்தான் சிறுவயது முதல் முழந்தாளிட்டு வருகிறேன். திருமுழுக்குப் பெற்று, ஆயத்தத்தோடு வருவோருக்கே அது உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தத் தொண்டர் காக்க நினைத்தது காக்கப்பட வேண்டியதே. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேலாக எங்கள் நடுவில் இருந்த ஒருவரிடம், பீடத்துக்கு நான்கடி தூரம் வரும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லையே! பின்வாங்கில் இருந்த நானும் திறக்கவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் இருவரை நிறுத்துங்கள், அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். புதியவரைக் கண்டால் "வாங்க" என்று சொல்லி அழைத்து வந்து, வழக்கம் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருத்தி, நற்கருணை நேரத்தில் வாங்கிலேயே இருந்து மன்றாடலாம் என்று காதோடு சொல்வது அவர்கள் பணியாகட்டும். நற்கருணைக்கு முன் சுவாமி அவர்களும் அதையே இரண்டு வசனத்தில் அன்பாக அறிவித்தால், எவருடைய கையையும் எவரும் பிடிக்க வேண்டியிராது.

இது திருச்சபைக்குப் புதிய பணியுமல்ல. வாயில்காப்போர் என்று ஒரு பட்டமே முன்னர் குருத்துவப் படிநிலைகளுள் ஒன்றாக இருந்தது; திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் அதை நீக்கினார். அதே ஆண்டில்தான், நம்பிக்கையை நாடி வரும் வளர்ந்தோரைப் படிப்படியாக வரவேற்கும் பழைய ஒழுங்கு புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. பட்டம் போயிற்று, வருவோர் நிற்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்த 2019 ஏப்ரல் 21ஐ மறந்துவிட்டு நான் எழுதுவதாக எவரும் நினைக்க வேண்டாம். மறைக்கல்வி முடிந்து சீயோன் தேவாலய முற்றத்தில் நின்ற பிள்ளைகளை இந்த ஊர் அடக்கம் செய்தது. பையோடு வந்தவனை விசாரித்து உள்ளே விடாமல் தடுத்த ஒருவர் தம் உயிரைக் கொடுத்து எத்தனையோ பேரைக் காப்பாற்றினார். பையைப் பாருங்கள், ஒவ்வொரு ஞாயிறும் பாருங்கள். பார்த்து முடித்ததும் அந்த மனிதரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து ஒரு சொல் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுதல்.

புதியவர்களைக் கவர வேண்டுமானால் பூசையை இலகுவாக்க வேண்டும், பெரிய திரையும் ட்ரம்ஸும் வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் சிலர் சொல்லி வருவதையும் அறிவேன். அதையும் நான் ஏற்கவில்லை. அந்தத் தாய் மண்டூர் முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவர். கப்புகனார் எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் பூசை செய்யும் சந்நிதி அது. மௌனத்தை அவருக்கு நாங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சுவாமி நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணியடிக்க, கோயில் முழுவதும் அமைதியான அந்த நிமிடத்தில்தான் தன் பிள்ளைக்காகக் கேட்டதாக அவர் என்னிடம் சொன்னார். அந்த அமைதியைக் குலைத்தது அவரல்ல, எங்கள் தொண்டரின் குரல்.

சங்கையைப் பற்றிப் பேசும் நாங்கள், திருநாள் பூசைக்கு நேரம் பிந்தி வரும் உபயகாரருக்கு முதல் வாங்கை வெறுமையாக வைத்திருக்கிறோம். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடம், அழுக்கு உடைக்காரனுக்குக் கால்மாட்டில் இடம் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்தது வழிபாட்டுக் கூட்டத்தில் நடப்பதையே. அந்த வாசகத்தை எங்கள் பீடத்தில் வாசித்தே வருகிறோம். பந்தல் அலங்காரத்துக்கு இரவு இரவாகக் கூடும் சபைக்கு, வாசலில் நிற்க இருவரைத் தெரிவுசெய்ய ஒரு கூட்டம் போதாதா?

கடுமையாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சுவாமி அவர்கள் ஒவ்வொரு நாளும் வைத்தியசாலைக்குச் சென்று நோயாளரைச் சந்திப்பதை நாங்கள் அறிவோம். அந்த மனதை நம்பித்தான் கேட்கிறேன். வாசலில் இருவரை நிறுத்துங்கள்.

அந்தத் தாயின் மகன் இன்னும் வாட்டில்தான் இருக்கிறான். வரும் ஞாயிறும் வரும்படி கேட்டேன். நான் படலையடியில் நின்றால் வருவதாகச் சொன்னார். எட்டு மணிக்கே அங்கு நிற்பேன். இருவரில் ஒருவராக என்னை எழுதிக்கொள்ளுங்கள். மற்றவரைச் சனிக்கிழமைக்கு முன் சபை நியமித்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பங்கு மக்களுள் ஒருத்தி,
மட்டக்களப்பு