அரையாண்டுக் கடிதம்: எட்டாம் வகுப்புத் துணி அச்சுப் பணி குறித்து

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியிலும் திருக்குறள் ஒப்புவித்தலிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், எட்டாம் வகுப்பு ஓவியப் பணி. தெருவில் தனியாக வசிக்கும் பெரியவர் ஒருவரிடம் பேசி, அவர் சொன்னதில் ஒன்றை வெண்டைக்காய், உருளைக்கிழங்கு அச்சால் பழைய வேட்டித் துணியில் பதித்துவரச் சொல்லியிருந்தோம். துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, தேரில் குழல் மாதிரித் துணி தொங்குமே, அந்த மாதிரித் தொம்பையாக ஆண்டு விழாவில் கட்டப்போகிறோம்.

துணியில் கதை சொல்வது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் தொம்பைகளுக்குக் கலம்காரி, அதாவது சாயம் தொட்ட எழுதுகோலால் துணியில் தீட்டும் ஓவியம், வரைந்தார்கள். கோடாலிக் கருப்பூரில் ஜரிகை நெசவும் மெழுகும் சாயமும் சேர்ந்த சேலைகள் தஞ்சை மராத்திய அரண்மனைக்குப் போயின. அரண்மனை ஆதரவு போனதும் அந்தச் சேலையும் நின்றுபோனது. அச்சு என்றால் தரங்கம்பாடி இருக்கிறது. 1713லேயே அங்கே தமிழ் அச்சேறியது.

ஆனால் இதுவரை வந்த துணிகளில் பல, கடையில் பிரிண்ட் போட்டவை. மயில், தாமரை, ஒன்றில் தாஜ்மகால். எந்தப் பாட்டி தாஜ்மகாலைப் பற்றிச் சொன்னார் என்று கேட்டால் பிள்ளை விழிக்கிறது. ஒரு பையன் பாட்டியிடம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வாங்கியிருக்கிறான். பாட்டி இருப்பது அடுத்த தெருவில்!

சம்பா அறுவடை நேரம், உங்களுக்கு ஓய்வில்லை என்பது தெரியும். பிள்ளையின் மதிப்பெண் குறையக்கூடாது என்ற அக்கறையும் புரிகிறது. ஆனால் மகன் சிங்கப்பூரில், மகள் திருப்பூரில் என்று ஆன பிறகு, பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்று யோசியுங்கள். ஒரு மாணவி ரேடியோ ஒன்றை அச்சிட்டு வந்தாள். ஸ்பீக்கருக்கு வெண்டைக்காய், ஏரியல் கோணல். வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று அவள் போய்ப் பேசிய பெரியம்மா அதை அணைப்பதே இல்லையாம். அந்த மாணவிக்கு முழு மதிப்பெண்.

கடையில் அச்சடித்ததும் பெரியவர்கள் வரைந்ததும் திருப்பி அனுப்பப்படும். யார் வீட்டுப் பிள்ளையானாலும் இதில் விலக்கு இல்லை. பாட்டியின் சேலையைக் கேட்காமல் வெட்டுவதும் கூடாது. ஏற்கெனவே ஒரு வீட்டில் பஞ்சாயத்து ஆகிவிட்டது.

சரி, அவசரம் இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து கொடுத்தால் போதும். துணியோ சாயமோ இல்லாதவர்களுக்கு ஓவிய ஆசிரியர் தருவார். வேட்டிகளைத் துவைத்து அனுப்பியவர்களுக்கும், தையல் மிஷினைப் பள்ளிக்குக் கொடுத்திருக்கும் தாயாருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்