ஒரு ஆட்டுக்கு ஐந்து நிமிடம்

ஆசிரியருக்கு,

இறைச்சிக்கூடங்களுக்கான 2001-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 கால்நடைகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. ஞாயிறு விடியலில் 300 ஆடுகள் வரும் ஆட்டுத்தொட்டிக்கு (இறைச்சிக்கூடத்துக்கு), அந்தக் கணக்கில் நான்கு பேர் வேண்டும். ஒருவரே இருந்தால் இறைச்சியில் முத்திரை விழும், பரிசோதனை நடக்காது.

உயிரோடு பார்ப்பது பாதி வேலைதான். அறுத்தபின் நுரையீரலைக் கண்ணால் பார்த்தால் போதாது, அழுத்தித் தடவ வேண்டும். உள்ளே புதைந்த நீர்க்கட்டி விரலுக்குத்தான் தட்டுப்படும். ஈரலின் பித்தநாளத்தைக் கீறினால் தட்டைப்புழு தெரியும். நீர்க்கட்டியுள்ள உறுப்பை நாய்க்கு வீசினால், கட்டிக்குள் இருக்கும் இளம்புழு நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும்; அதன் முட்டைகள் நாயின் கழிவு வழியே ஆட்டுக்கும் மனிதருக்கும் திரும்பி வரும். சீழ்க்கட்டியை வெட்டிய கத்தியை 82 டிகிரி வெந்நீரில் முக்காமல் அடுத்த ஆட்டில் வைத்தால் நோய்க்கிருமியைப் பரப்புவதே நாம்தான். (ஒன்று வெந்நீரில் இருக்க மற்றொன்று கையில் என்று இரண்டு கத்திகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் தீரும் தொல்லை இது!)

இந்தக் கைப்பழக்கம் வகுப்பறையில் வராது. பணியில் அமர்த்தும் முன் ஒரு மாதமாவது மூத்தவருடன் தொட்டியில் நிற்கவைக்க வேண்டும். விடியலில் தொட்டி, பகலில் மருந்தகம் என்று ஒருவரையே இரண்டுக்கும் ஓடவிடாமல், இறைச்சிப் பரிசோதனைக்கெனத் தனிப் பணியிடங்களை உள்ளாட்சி அமைப்புகள் உருவாக்க வேண்டும்.

– கால்நடை மருத்துவர், நாமக்கல்