முண்டாசுப் படத்தின் கீழே கவிமணியின் வரி: மேற்கோள் படம் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கோள் படங்கள் தயாரித்துப் பகிரும் பக்கங்களை நடத்துகிற நண்பர்களுக்கு,

வணக்கம். தேரூர், புத்தேரி, சுசீந்திரம் பக்கத்தில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைப் படித்து வளர்ந்த வாசகர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

"மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டும் அம்மா" என்ற வரியை ஒவ்வொரு மார்ச் 8 அன்றும் பாரதியாரின் படத்தின் கீழே போடுகிறீர்கள். அது பாரதி எழுதியது இல்லை. கவிமணி எழுதியது. 'மலரும் மாலையும்' தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால் இருக்கிறது. அடுத்து வருவது, "பங்கயக் கைந்நலம் பார்த்தல்லவோ இந்தப் பாரில் அறங்கள் வளரும் அம்மா". உலகத்தில் அறம் வளர்வதே பெண்ணின் கையால்தான் என்று சொல்லும் இந்த அடிகளைப் பெரும்பாலான படங்களில் காணோம். பாதிப் பாட்டு, அதுவும் வேறொருவர் பெயரில்.

இதைச் சுட்டிக்காட்டினால், "யார் எழுதினால் என்ன, கருத்து நல்லதுதானே" என்று பதில் வருகிறது. என்ன ஆகிறது என்பதை எங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டோம். பேச்சுப் போட்டிக்காகக் கவிமணியின் புத்தகத்தைப் படித்த மாணவி ஒருத்தி எங்களில் ஒருவரிடம் கேட்டாள்: "இது பாரதியாருக்க பாட்டுல்லா? கவிமணி எதுக்கு அவருக்க புத்தகத்துல எடுத்து எழுதிட்டாரு?" அந்தப் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை. கைபேசியில் பத்துப் படம் பார்த்தவளுக்கு, புத்தகத்தில் இருப்பதுதான் திருட்டாகத் தெரிகிறது. பதில் சொல்லக் கவிமணி உயிரோடு இல்லை, 1954இலேயே போய்விட்டார். அதனால்தான் நாங்கள் எழுதுகிறோம்.

அவர் எப்படித் தமிழ் படித்தார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். 1876இல் அவர் பிறந்தபோது தேரூர் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். தமிழை ஊர் மடத்தில் இருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியாகப் போய்க் கற்றுக்கொண்டார். அப்புறம் ஆசிரியராகி, திருவனந்தபுரம் மகாராஜா மகளிர் கல்லூரி வரை வேலை பார்த்தார். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ் இவ்வளவு செழிப்பாக இருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்டவரிடமிருந்து அவருடைய புகழ்பெற்ற வரியையே எடுத்துவிடுவது எங்களுக்கு வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்ணைப் பற்றி அவர் பாடியது அந்த ஒரு வரியோடு நின்றுவிடவில்லை. எங்கள் பகுதியான நாஞ்சில் நாட்டின் வேளாளர் குடும்பங்களில் அன்று சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும். கணவன் இறந்தால் மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்தக் கொடுமையைத்தான் 'மருமக்கள்வழி மான்மியம்' என்ற நூலாக எழுதினார். ஐந்து பெண்களைக் கட்டிய ஒருவரின் ஐந்தாவது மனைவி தன் வாயால் சொல்கிற கதை அது. நாத்தனார் ஏச்சு, சக்களத்தி சண்டை, கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற நிலை, எல்லாம் அவள் பேச்சிலேயே வரும். படித்தால் சிரிப்பு வரும், கூடவே வயிறு எரியும். சொந்தச் சாதியின் வழக்கத்தை, சொந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வாரிசு முறை மாறியது. மகளிர் தினத்தன்று பெயர் சொல்லி நினைக்க வேண்டிய மனிதர் அவர்.

பாரதியின் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கவிமணிக்கும் இருந்ததில்லை. "பாட்டுக்கொரு புலவன் பாரதி அடா" என்று மனசு நிறைந்து பாடியவரே கவிமணிதான். பாரதியின் பத்தாயம் நிறைந்து வழிகிறது. அடுத்த வயல் நெல்லை அதில் கொட்ட வேண்டிய தேவையே இல்லை. மகளிர் தினத்துக்குப் பாரதி வேண்டும் என்றால் "நிமிர்ந்த நன்னடை நேர்கொண்ட பார்வை" இருக்கிறது, அதைப் போடுங்கள். சும்மா பார்த்தாலே தெரியும், இரண்டு பேர் குரலும் வேறு வேறு. பாரதி நெருப்பாகப் பேசுவார். கவிமணி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'அம்மா' என்று கூப்பிட்டுப் பேசுவார்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் பக்கத்தில் இருக்கும் பழைய படத்தை எடுத்துவிட்டு, கவிமணி பெயரோடு புதிதாக ஒன்று போடுங்கள். சத்தமில்லாமல் அழித்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே பகிர்ந்தவர்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் திருத்தம் என்று ஒரு வரி எழுதுங்கள். இனிமேல் எந்தக் கவிஞர் வரியைப் போட்டாலும் கீழே நூலின் பெயரையும் சேருங்கள். நூலின் பெயரைத் தேடும்போதே பாதித் தவறு பிடிபட்டுவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதித் தரும் ஆசிரியர்களிடமும் இதையே கேட்கிறோம்.

அடுத்த மார்ச் 8க்குள் இதைச் செய்வீர்கள் என்று நம்புகிறோம். முழுப் பாட்டும் வேண்டும் என்றால் கேளுங்கள், புத்தகத்தைப் பார்த்துப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து நாங்களே அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
தேரூர், புத்தேரி, சுசீந்திரம் வட்டாரக் கவிமணி வாசகர்கள்